பாட்டுக்குச் சொந்தக்காரர்கள்

1965 டிசம்பரில் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் நடந்த ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில் பாப் டிலனிடம், வியாபாரிகளுக்கு விலைபோவதென்று முடிவுசெய்தால் எந்தச் சரக்கைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்டார்கள். பெண்களின் உடைகள் என்றார் டிலன். 39 வருஷங்களுக்குப் பின், 2004-ல், விக்டோரியாஸ் ஸீக்ரெட் என்ற பெண்கள் உள்ளாடைக் கம்பெனியின் தொலைக்காட்சி விளம்பரத்தில் அவர் பாட்டோடு அவரும் தோன்றினார். அதற்குள், காலம் மாறிக்கொண்டிருப்பதைப் பற்றி 1964-ல் வெளிவந்த அவருடைய பாட்டு, 1994-ல் ஒரு கணக்குத் தணிக்கை நிறுவனத்துக்கும் 1996-ல் மாண்ட்ரியால் வங்கிக்கும் விளம்பரப் பாட்டாக ஊழியம் செய்து முடித்திருந்தது. ரசிகர்களில் ஒரு சாரார், நாற்பது வருஷம் காத்திருந்து முடித்த ஹாஸ்யம் இது என்று தங்களைத் தேற்றிக்கொண்டார்கள். இன்னொரு சாரார் துரோகம் என்றார்கள்.

விலைபோதல் என்ற நம் சொல்லிலேயே ஒரு தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. கத்தரிக்காய் விலைபோனால் நல்லது, மனிதன் விலைபோனால் கேவலம். கலகக்காரன் என்று பெயரெடுத்த பாடகன் விளம்பரத்தில் வந்த மாத்திரத்தில் அவனை இரண்டாவது வகையில் தள்ளிவிடுகிறோம். சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் மூக்கில் சீக்கிரமே வேர்த்துவிடும். பின்னட்டையில் ஒரு அச்சகத்தின் விளம்பரம் வந்தாலே ஆசிரியரின் நேர்மையைச் சந்தேகிக்கிற உலகம் இது. ஆனால் இதைப் பாடகனின் ஒழுக்கப் பரீட்சையாக மட்டும் வைத்துக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. விற்றது யார், விற்கிற உரிமை அவர் கைக்கு எப்படி வந்தது என்ற கேள்விகள் அப்போது எழுவதில்லை. ராக் இசையின் அறுபது வருஷச் சரித்திரத்தில் இந்தக் கேள்விகளே முக்கியமானவை என்று எனக்குப் படுகிறது.

சந்தைக்கு வெளியே இருந்த ஒரு தூய்மையான காலத்தைக் கற்பித்துக்கொள்வதற்கு ஆதாரம் இல்லை. பெற்றோர்களைப் பயமுறுத்தியே பெயர் வாங்கிய ரோலிங் ஸ்டோன்ஸ், 1964-ல் கெல்லாக்ஸ் கம்பெனியின் ரைஸ் கிரிஸ்பீஸ் என்ற பொரியரிசிப் பண்டத்துக்கு இங்கிலாந்தில் விளம்பரப் பாட்டுப் பாடினார்கள். தி ஹூ குழு 1967 டிசம்பரில் விலைபோதல் என்பதையே தலைப்பாக்கி ஒரு இசைத்தட்டு வெளியிட்டது. அந்த ஆகஸ்டில்தான், நடுக்கடலில் கப்பலிலிருந்து ஒலிபரப்பிய ரேடியோ லண்டனைப் புதுச் சட்டம் மூடவைத்திருந்தது. அந்த நிலையத்தின் நினைவாக, பாட்டுகளுக்கிடையே அசலைப்போலவே தயாரித்த விளம்பரத் துணுக்குகளைச் செருகியிருந்தார்கள். அட்டைப் படத்தில் பீட் டவுன்ஷெண்ட் ஒரு ராட்சச வியர்வைநாற்றப் பூச்சுக்குச்சியை அக்குளில் வைத்திருக்கிறார். ரோஜர் டால்ட்ரி ஹைன்ஸ் அவரைக்குழம்பு நிரம்பிய தொட்டியில் உட்கார்ந்திருக்கிறார். கேலி உயர்ந்த ரகம். ஆனால் அதே வருஷம் அதே குழு கொக்கோகோலாவுக்கு அசல் விளம்பரங்களும் பாடியது. கேலி செய்தவன் தப்பிவிடுகிறான் என்பது நவீன எழுத்திலும் நாம் அடிக்கடி நம்புகிற ஒன்று. ஜானிஸ் ஜாப்ளின், மெர்ஸிடெஸ் கார் வேண்டும் என்று கடவுளிடம் மன்றாடுகிறவர்களைப் பரிகசிக்கும் பாட்டை 1970 அக்டோபர் 1-ந் தேதி பதிவுசெய்தார். மூன்று நாளில் இறந்துபோனார். 1995-ல் மெர்ஸிடெஸ் கம்பெனியே அதைத் தன் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. பரிகாசம் கம்பெனிக்கு ஒரு தடையாக இருக்கவில்லை.

பார்க்கப்போனால் கலகம்தான் விளம்பரத்துக்கு வேண்டியிருந்த சரக்கு. 1968-ல் கொலம்பியா ரிகார்ட்ஸ் தலைமறைவுப் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் வெளியிட்டது: லாக்கப்பில் சில இளைஞர்கள், அதிகாரத்தால் எங்கள் இசையை ஒடுக்க முடியாது என்ற அர்த்தத்தில் ஒரு வாசகம். இதைச் சொல்வது அமெரிக்காவின் மிகப் பெரிய ஒலிபரப்பு ஸ்தாபனங்களில் ஒன்றான ஸிபிஎஸ்ஸின் கிளை. டாஸ்கனினியின் கச்சேரிக்குப் போகிறவன் உண்மையில் தான் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தையே வழிபடுகிறான் என்று ஆடோர்னோ 1938-ல் எழுதினார். ஜாஸ் விஷயத்தில் அவருடைய காது செவிடு என்பதை ஒப்புக்கொண்டாலும், இந்த இடத்தில் அவரை மறுப்பது கஷ்டம்.

இதே 1968-ல்தான் தி டோர்ஸ் குழுவின் பியூக் கார் விவகாரம் நடந்தது. 'லைட் மை ஃபயர்' 1967 ஜூலையில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு. அதன் தலைப்பு வரியில் காரின் பெயரைச் செருகிப் பாட அனுமதி கேட்டது பியூக். ஜிம் மாரிசன் அப்போது ஊரில் இல்லை, லண்டனில் தங்கிவிட்டார். மற்ற மூவரும் சம்மதித்துவிட்டார்கள். திரும்பி வந்த மாரிசன் கொதித்துப்போனார், தொலைக்காட்சி மேடையில் ஒரு பியூக் காரைச் சம்மட்டியால் உடைப்பேன் என்று மிரட்டினார் என்று குழுவின் டிரம்மர் ஜான் டென்ஸ்மோர் எழுதியிருக்கிறார். விளம்பரம் நின்றுபோயிற்று.

இந்தக் கதை வழக்கமாக மாரிசனின் வீரப் பிரதாபங்களில் ஒன்றாகவே சொல்லப்படுகிறது. கவனிக்க வேண்டியது வேறு. அந்தப் பாட்டைப் பெரும்பாலும் எழுதியவர் கிதார் வாசித்த ராபி கிரீகர். எழுதியவர் விற்கச் சம்மதித்தார், பாடியவர் மறுத்தார். மாரிசனுக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? குழு செய்துகொண்டிருந்த ஒரு விசித்திரமான ஏற்பாட்டிலிருந்து. பாட்டு யார் எழுதியதானாலும் வருமானம் நாலு சம பங்கு. ஒரே ஒருவர் வேண்டாமென்றாலும் காரியம் நடக்காது. பணமும் புகழும் குவிகிற இடத்தில் நாலு பையன்கள் இப்படி ஒரு ஒப்பந்தம் வைத்துக்கொண்டதுதான், சம்மட்டியைக் காட்டிலும் கலகமான காரியம் என்பேன்.

1971-ல் மாரிசன் இறந்தார். மறுப்புரிமை டென்ஸ்மோரிடம் வந்து தங்கியது. அவரும் மாசற்றவரல்ல; இங்கிலாந்தில் பிரெல்லி டயர் விளம்பரத்துக்கு ஒருமுறை உடன்பட்டு, பிறகு குற்றவுணர்வில் தன் பங்கைத் தர்மத்துக்குக் கொடுத்தார். புது நூற்றாண்டின் தொடக்கத்தில் காடிலாக் கம்பெனி ஒரு பாட்டுக்கு 1.5 கோடி டாலர் வரை ஏறிவந்தபோது முடியாது என்றார். காடிலாக் லெட் ஸெப்பெலினிடம் போயிற்று. 2002-ல் 'நேஷன்' பத்திரிகையில் அவர் தன் கட்சியை எழுதினார்: இந்தப் பாட்டுகளைக் கேட்டு மனிதர்கள் காதலித்திருக்கிறார்கள், வியத்நாமில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்; அதையெல்லாம் கார் விற்பதற்குக் கொடுக்க எங்களுக்கு என்ன பாத்தியதை? இதற்கு எதிர்க்கட்சியும் இருக்கிறது. நீ என் பாட்டைக் கேட்டுக் காதலித்ததால் பாட்டு உன்னுடையதாகிவிடாது, என் பொருளை நான் எதுவும் செய்வேன் என்கிற கட்சி. சட்டப்படி இரண்டாவதுதான் சரி. ஆனால் விளம்பரக் கம்பெனி அத்தனை பணம் கொடுப்பது ஸ்வரங்களுக்காக அல்ல, கேட்டவர்கள் அதில் சேர்த்துவைத்த ஞாபகங்களுக்காக. அந்தச் சேமிப்பில் பாடகனின் உழைப்பு எவ்வளவு, கேட்டவனுடையது எவ்வளவு என்று எந்த ஒப்பந்தமும் கணக்குப் பார்த்ததில்லை.

கிரீகரும் ரே மன்ஸாரெக்கும் டோர்ஸ் பெயரில் ஊர் ஊராக வாசிக்கக் கிளம்பியபோது, 2003-ல் டென்ஸ்மோர் வழக்குப் போட்டார். அவர்களுடைய எதிர்வழக்கில், காடிலாக் பணத்தை மறுத்ததே அவர்மேல் ஒரு குற்றச்சாட்டாக வைக்கப்பட்டது. விற்காமலிருப்பது சகாக்களுக்குச் செய்த துரோகம் என்ற அளவுக்கு வார்த்தை தலைகீழாகிவிட்டது. டென்ஸ்மோரோடு மாரிசனின் பெற்றோரும் சேர்ந்துகொண்டார்கள். தகப்பனார் அமெரிக்கக் கடற்படை அட்மிரல். 1964-ல் டோங்கின் வளைகுடாச் சம்பவத்தின்போது அங்கே கப்பல்களுக்குத் தலைமை வகித்தவர். பெற்றோர் இறந்துவிட்டார்கள் என்று மகன் ஒருகாலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். 2005-ல் தீர்ப்பு இவர்களுக்குச் சாதகமாக வந்தது.

பீட்டில்ஸ் குழுவிடம் இப்படியொரு மறுப்புரிமை இருக்கவில்லை. அவர்களுடைய பாட்டுகளின் பதிப்புரிமை நார்தர்ன் ஸாங்ஸ் என்ற கம்பெனிக்குப் போயிருந்தது. 1965-ல் அந்தக் கம்பெனியின் பங்குகள் லண்டன் பங்குச்சந்தைக்கு வந்தன, 1969-ல் அது ஏடிவி ஸ்தாபனத்தின் கைக்கு மாறியது, 1985-ல் 4.75 கோடி டாலருக்கு மைக்கேல் ஜாக்ஸன் ஏடிவியின் பாட்டுகளை வாங்கினார். லெனன் 1980-லேயே கொலையுண்டுவிட்டார். 1987-ல் நைக்கி செருப்புக் கம்பெனி அவருடைய 'ரெவல்யூஷன்' பாட்டின் அசல் ஒலிப்பதிவையே விளம்பரத்தில் போட்டது. அனுமதி முறைப்படி வாங்கப்பட்டிருந்தது, யோகோ ஓனோவும் உடன்பட்டிருந்தார். பீட்டில்ஸ்காரர்களின் ஆப்பிள் கம்பெனி 1.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டு, 1989-ல் சமரசமாயிற்று.

புரட்சியைச் செருப்புக்கு விற்றார்கள் என்று அன்று எழுந்த கூக்குரலில் ஒன்று மறந்துபோயிற்று. 1968-ல் அந்தப் பாட்டு வெளிவந்தபோது லண்டனின் இடதுசாரிகள் அதையே துரோகம் என்றார்கள். அழிப்பதென்றால் என்னைச் சேர்க்காதே என்ற தொனியில் லெனன் விலகிக்கொண்டதை 'பிளாக் ட்வார்ஃப்' பத்திரிகை பகிரங்கக் கடிதம் எழுதிக் கண்டித்தது. லெனன் பதில் எழுதினார். புரட்சிக்கு எதிரானதென்று வசைபட்ட பாட்டு, பத்தொன்பது வருஷத்தில் புரட்சியின் புனிதச் சின்னமாகி, அந்தப் புனிதம் கெட்டதற்காக ஜனங்கள் அழுதார்கள். விளம்பரம் ஒரு பாட்டை அசுத்தப்படுத்துகிறது என்பது பாதி உண்மை. அது சுத்தமானதாக இருந்தது என்ற நினைப்பையும் சேர்த்தே விளம்பரம் உண்டாக்கிவிடுகிறது.

டாம் வெய்ட்ஸ் விஷயத்தில் எடுக்கப்பட்டது பாட்டல்ல, குரல். 1976-ல் வந்த அவருடைய 'ஸ்டெப் ரைட் அப்' நடைபாதை வியாபாரியின் கூவலையும் விளம்பரப் புளுகையும் அப்படியே பிடித்துப் பரிகசிப்பது. 1988-ல் ஃப்ரிட்டோ-லே கம்பெனி தன் சோள வறுவலுக்கு அதே தினுசில் ஒரு பாட்டைப் புதிதாக எழுதவைத்து, வெய்ட்ஸின் கரகரப்பை அச்சாகப் பிடிக்கிற ஒருவரைப் பாடவைத்தது. 250-க்கு மேற்பட்ட வானொலி நிலையங்களில் அது ஓடியது. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வானொலி நிகழ்ச்சிக்குப் போன இடத்தில் வெய்ட்ஸ் அதைக் கேட்டார். விளம்பரத்தில் பாடுவதில்லை என்பது அவர் பேட்டிக்குப் பேட்டி சொல்லிவந்த கொள்கை (1981-ல் ஒரு நாய்த் தீவனத்துக்குக் குரல் கொடுத்தது நீங்கலாக). கேட்டவர்கள் அவர் விலைபோய்விட்டார் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவருடைய வழக்கின் சாரமே அதுதான்: பறிபோனது என் மறுப்பு. ஜூரிகள் 375000 டாலர் நஷ்ட ஈடும், தண்டனையாக 20 லட்சம் டாலரும் விதித்தார்கள். 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றை உறுதிசெய்தது. அதே கோர்ட் 1988-லேயே ஃபோர்டு கார் விளம்பரம் தொடர்பான பெட் மிட்லர் வழக்கில், தனித்தன்மையுள்ள குரல் ஒருவரின் உடைமைதான் என்று சொல்லியிருந்தது. ஒரு கலைஞனின் மறுப்புக்குச் சட்டம் டாலரில் மதிப்புப் போட்டது விநோதம்தான். வேறெந்த அளவுகோலும் அதனிடம் இல்லை.

பங்க் பாடகர்களின் வீழ்ச்சியை எடுத்துக்காட்டுவது சுலபம். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று இசைத்தட்டுகள் கொண்ட ஆல்பத்தை 1980-ல் மலிவு விலைக்குக் கொடுப்பதற்காகத் தங்கள் ராயல்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தது கிளாஷ் குழு. இங்கிலாந்தில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே முதலிடம், குழு கலைந்தபின் 1991-ல் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்தால் வந்தது. இக்கி பாப் 2009-ல் ஒரு கார் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகக் குதித்தார். அந்தக் கம்பெனி பொழுதுபோக்குத் துறையினருக்கு இன்ஷூரன்ஸ் கொடுப்பதில்லை என்று தெரியவந்து, விளம்பரக் கண்காணிப்புக் குழு அதைத் தடுத்தது. ஸெக்ஸ் பிஸ்டல்ஸின் ஜான் லைடன், 1977-ல் ராணியைப் பழித்த பாட்டுக்காக பிபிஸியால் தடைசெய்யப்பட்டவர், 2008-ல் கனவான் உடையில் கண்ட்ரி லைஃப் வெண்ணெயை விற்றார். வெண்ணெய்க் காசில் தன் இன்னொரு குழுவான பிஐஎல்லைத் திரும்பக் கூட்டி, ரிகார்டு கம்பெனிகளின் தயவில்லாமல் 2012-ல் சொந்த லேபிளில் ஆல்பம் போட்டார். இருபது வருஷங்களில் அவர்களுடைய முதல் ஆல்பம் அது. ரிகார்டு கம்பெனிக்கு அடிமையாயிருப்பது கௌரவம், வெண்ணெய் விற்பது அவமானம் என்று வகுப்பவர்கள் எந்தத் தராசை வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

நீல் யங் 1988-ல் விளம்பரக் கம்பெனிகளுக்குப் பாடுகிறவர்களைச் சாடி ஒரு பாட்டுப் பாடினார். அதன் வீடியோவை ஒளிபரப்ப மறுத்த எம்டிவி, மறுவருஷம் அதற்கே அவ்வருஷத்தின் சிறந்த வீடியோ பரிசைக் கொடுத்தது. 2021 ஜனவரியில் யங் தன் பாட்டுகளின் உரிமையில் பாதியை ஹிப்னோஸிஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார். அவருடைய பாட்டு ஹாம்பர்கர் விளம்பரமாக ஒருநாளும் ஆகாது என்று அதன் தலைவர் வாக்குக் கொடுத்தார். 2024-ல் ஹிப்னோஸிஸையே பிளாக்ஸ்டோன் என்ற பெரிய முதலீட்டு ஸ்தாபனம் வாங்கிவிட்டது. டிலன் தன் பாட்டுகளை 2020-ல் யூனிவர்ஸல் கம்பெனிக்குக் கொடுத்தாயிற்று. இனி விளம்பரத்தில் வருவதா வேண்டாமா என்று பாடகனைக் கேட்கவேண்டிய அவசியம் பல இடங்களில் இல்லை. 2023 ஜனவரியில் பிரைமரி வேவ் என்ற கம்பெனி, மன்ஸாரெக்கின் வாரிசுகளிடமிருந்தும் கிரீகரிடமிருந்தும் டோர்ஸ் பாட்டுகளில் அவர்களுடைய பங்கை வாங்கியது. டென்ஸ்மோர் தன் பங்கை விற்கவில்லை. அப்போது அவருக்கு 78 வயது.