மூணாற்றுத் தேயிலையும் லயத்து வீடும்

மட்டாஞ்சேரிக்கு எதிரே, வில்லிங்டன் தீவில் 1947-இல் தேயிலை ஏலம் தொடங்கிற்று. மலைத் தேயிலை அங்கே விலைபோவதை நாம் அறிவோம். அதைப் பறிக்கும் கைகள் பெரும்பாலும் நம் மொழியினருடையவை என்பதை நம் பிள்ளைகளுள் பலர் அறியார்.

1877-இல் பூஞ்சாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து மன்றோ என்னும் ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலையை எழுதி வாங்கினார். காடு திருத்தக் கங்காணிமார் ஆள் திரட்டியது மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில். வந்தோர்க்குக் கிடைத்த இருப்பிடம் லயம்: வரிசையாய்க் கட்டிய வீடுகள், வீடொன்றுக்கு ஓர் அறை, ஓர் அடுக்களை. குடியிருப்பளிப்பதை 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் கடமையாக்கிற்று. ஆயினும் வீடு வேலையோடு பிணைந்தே நின்றது. ஓய்வு பெற்றவர் வீட்டையும் விடவேண்டும். ஆதலின் தாய் இறக்கிவைத்த கூடையை மகளோ மருமகளோ ஏற்றுக்கொள்வது வழக்கமாயிற்று. கூலிப் பேச்சு வேறு, வீட்டுப் பேச்சு வேறு என்று இங்கே பிரிக்க இயலாது.

1958-இல் போனஸ் கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. போலீஸார் சுட்டதில் பாப்பம்மாளும் ஹசன் ராவுத்தரும் மாண்டனர். அடுத்த பெருங்கிளர்ச்சிக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

2015 செப்டம்பரில், 20 விழுக்காடு போனஸ் எதிர்பார்த்திருந்தோர்க்குக் கம்பெனி அறிவித்தது 10 விழுக்காடு. அந்நாளில் 21 கிலோ கொழுந்து பறித்தால் நாட்கூலி 232 ரூபாய். பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாற்றுச் சாலையில் அமர்ந்தனர். 500 ரூபாய் கூலியும் கேட்டனர். தொழிற்சங்கத் தலைவர்களை அருகிலும் அண்ட விடவில்லை! தலைவர்களுக்கு நல்ல வீடு வாய்த்தது எங்ஙனம், தங்களுக்கு ஒழுகும் லயமே நிலைத்தது எங்ஙனம் என்பது அவர்கள் கேள்வி. ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் பெற்ற அவ்வணியை எந்தக் கட்சியும் கூட்டவில்லை. ஒன்பதாம் நாள், முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில், 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத் தொகையும் என முடிவாயிற்று. அக்டோபரில் நாட்கூலி 301 ரூபாயாயிற்று. பறிக்கவேண்டிய கொழுந்தும் 25 கிலோவாயிற்று. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிய கணக்கென்றே நமக்குத் தோன்றுகிறது.

கூலியாவது சிறிது ஏறிற்று. லயம் அப்படியே இருந்தது.

2020 ஆகஸ்டு 6 இரவு, பெருமழையில் பெட்டிமுடி மலை சரிந்து லயங்களை மூடிற்று. உறக்கத்தில் இருந்த 70 பேர் மறைந்தனர். நால்வர் உடல் கிடைக்கவேயில்லை. பெரும்பாலோர் தமிழர். எஞ்சிய குடும்பங்களுள் எட்டுக்கு 2021-இல் குற்றியாற்றுப் பள்ளத்தாக்கில் அரசு தந்த நிலத்தில் வீடுகள் எழுந்தன. வேலை போயினும் விட்டு வெளியேற வேண்டாத வீடுகள் அவை.