பைத்தியம்

பித்தம் என்ற வடசொல்லின் வழியில் வந்தது பைத்தியம். உடலில் பித்தம் மிகுந்தால் புத்தி கலங்கும் என்பது பழைய வைத்தியக் கொள்கை. ஆகவே அது முதலில் ஒரு நோயின் பெயர். அதுவும் மருந்துள்ள நோயின் பெயர். பின்னால் ‘பைத்தியம் பிடித்தவர்’ என்பது சுருங்கி, ஆளே ‘பைத்தியம்’ ஆனார். நோய்க்கு மருந்து தேடலாம். ஆளையே நோயாகப் பார்த்தால் கட்டிப்போடத்தான் தோன்றும். மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை கீற்றுக்கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்.

சொல்லை மாற்றினால் போதுமா என்று கேட்கலாம். போதாது, மருத்துவத்திலிருந்து வந்த ‘மெண்டல்’ என்பதையும் வசவாக்கிவிட்டோம். சட்டம் போதுமா என்றால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி வீட்டார் நோயை மறைப்பதை அதனால் தடுக்க முடியாது. மாறவேண்டியது நம் பார்வை. சர்க்கரை நோய் உள்ளவரை யாரும் ‘சர்க்கரை’ என்று கூப்பிடுவதில்லை. மனநோய் உள்ளவருக்கும் பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு. பெயர் சொல்லி அழைப்போம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் காலத்தோடு கூட்டிச் செல்வோம்.