காஸ்பேஸ்

காஸ்பேஸ்கள், திட்டமிட்ட உயிரணு இறப்பை (அப்போப்டோசிஸ்) நடத்தி முடிக்கும் நொதிகள். இவற்றின் வினைமையத்தில் சிஸ்டீன் உள்ளது. புரதச் சங்கிலியில் ஆஸ்பார்டிக் அமிலத்தை அடுத்த பிணைப்பை இவை வெட்டுகின்றன.

கண்டுபிடிப்பு

சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்னும் இருபால் உருளைப்புழு வளரும்போது தோன்றும் 1,090 உடல் உயிரணுக்களில் 131 மடிந்துவிடும். இதற்கு செட்-3 என்னும் மரபணு தேவை என ராபர்ட் ஹார்விட்சின் ஆய்வகம் காட்டியது. அதன் புரதம், பாலூட்டிகளில் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டாவை முதிர்விக்கும் நொதியை ஒத்தது என்பது 1993இல் வெளியாயிற்று. அந்த நொதியே இன்றைய காஸ்பேஸ்-1. இப்புழுவைக் கொண்டு செய்த ஆய்வுகளுக்காக ஹார்விட்ஸ், சிட்னி பிரென்னர், ஜான் சல்ஸ்டன் மூவரும் 2002இல் நோபல் பரிசு பெற்றனர்.

வகைகளும் செயற்பாடும்

காஸ்பேஸ் 8, 9, 10 ஆகியவை தொடக்க நொதிகள். 3, 6, 7 நிறைவேற்றும் நொதிகள். 1, 4, 5 அழற்சி சார்ந்தவை. எல்லாமே முதலில் செயலற்ற முன்னொதிகளாகவே உருவாகின்றன. உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஃபாஸ் போன்ற ஏற்பிகள் தூண்டப்பட்டால் காஸ்பேஸ்-8 விழித்தெழும். உள்ளே சேதம் நேர்ந்தால் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம்-சி கசிந்து, ஏபாஃப்-1 புரதத்துடன் கூடி, காஸ்பேஸ்-9ஐச் செயற்படுத்தும். இரு வழிகளும் காஸ்பேஸ்-3இல் வந்து சேர்கின்றன. அது டிஎன்ஏவைத் துண்டாக்கும் நொதியின் தடையை நீக்குகிறது. பழுதுபார்ப்பில் பங்குகொள்ளும் பார்ப்-1 புரதத்தையும் வெட்டுகிறது. உயிரணு சுருங்கிச் சவ்வு சூழ்ந்த துண்டுகளாகப் பிரிய, அண்டை உயிரணுக்களும் விழுங்கணுக்களும் அவற்றை உட்கொள்கின்றன.

கண்டறியும் முறைகள்

காஸ்பேஸ்-3 விரும்பி வெட்டும் நான்கு அமினோ அமிலத் தொடருடன் (ஆஸ்பார்டேட்–குளூட்டமேட்–வாலின்–ஆஸ்பார்டேட்) ஒரு சாயமூலக்கூறு இணைக்கப்படுகிறது. நொதி வெட்டியதும் சாயம் விடுபட்டு நிறம் காட்டும் அல்லது ஒளிரும். பாரா நைட்ரோஅனிலின் விடுபட்டால் வரும் மஞ்சள் நிறம் 405 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்கப்படுகிறது. வெஸ்டர்ன் பிளாட் முறையில், முன்னொதி மறைந்து 17 கிலோடால்டன் அளவுள்ள துண்டு தோன்றுவதும், 116 கிலோடால்டன் பார்ப்-1இலிருந்து 89 கிலோடால்டன் துண்டு பிரிவதும் சான்றாகின்றன. வெட்டுண்ட வடிவத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள்கள் திசுச்சீவல்களிலும் பயன்படுகின்றன.

வரம்புகள்

அதே தொடரைக் காஸ்பேஸ்-7உம் வெட்டும். எம்சிஎஃப்-7 என்னும் மார்பகப் புற்றணுக்களில் காஸ்பேஸ்-3 இல்லை. ஆயினும் அவை அப்போப்டோசிஸால் இறக்கக்கூடியவை. சில உயிரணுக்கள் முதிர்ச்சியடையவும் காஸ்பேஸ் செயற்படுவதுண்டு. எனவே ஒரே சோதனையை நம்பி முடிவு கூறலாகாது. தடுப்பான் சேர்த்த ஒப்பீட்டு மாதிரியும், வேறு வகைச் சோதனை ஒன்றும் உடன் இருக்க வேண்டும்.