லாரியில் கார் ஸ்டீரியோ: நாமக்கல் வண்டிகளின் மின்இணைப்பு

1930-இல் அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் மோட்டரோலா என்ற பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1963-இல் பிலிப்ஸ் கேசட்டை அறிமுகப்படுத்தியது. பின்னர் வண்டிகளில் டேப் செட் பரவியது. ஓட்டுநர் விரும்பிய பாட்டைக் கேட்கும் வசதி வந்தது.

லாரி பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்றது நாமக்கல். சேசிஸாக வாங்கிவந்த வண்டிக்குக் கேபினை இங்கேயே கட்டியதால், ஸ்டீரியோ வயரிங்கும் உள்ளூர் எலக்ட்ரீஷியன் பொறுப்பாயிற்று. சிக்கலும் அங்கேதான். கார் ஸ்டீரியோ 12 வோல்ட்டில் இயங்குவது. கனரக லாரியிலோ இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுகிறார்கள். நேராகக் கொடுத்தால் செட் கருகும்.

இதற்குக் கண்ட குறுக்குவழி, ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் இணைப்பு எடுப்பது. பாட்டு பாடும், ஆனால் அந்தப் பேட்டரி மட்டும் இறங்கிப்போகும். இரண்டுக்கும் ஒரே சார்ஜ் மின்னோட்டம் பாய்வதால் மற்றது அளவுக்கு மீறி ஏறித் தண்ணீர் வற்றும். நாளடைவில் இரண்டும் கெடும். 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டரே சரியான வழி.

செட் மாற்றிய பின் கடிகாரமும் வானொலி நிலையங்களும் அடிக்கடி அழிந்தால் செட்டைக் குறைசொல்ல வேண்டாம். பெரும்பாலான செட்டுகளில் சிவப்பு வயர் சாவி வழியாகவும், மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் உள்ள இணைப்பிலும் சேர வேண்டும். இரண்டையும் சாவியோடு முறுக்கிவிடுவதே வழக்கமான கோளாறு.