மூளைச் செல் அழிவு பற்றிய ஆய்வும் திருவனந்தபுரமும்

திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களில் ‘சித்ரா’ என்ற பெயர் ஏறக்குறைய ஒரு தெய்வத்தின் பெயரைப் போலவே புழங்கி வருகிறது. சாலைக் கடைவீதியிலோ கரமனையிலோ யாருக்காவது ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது என்றால், “உடனே சித்ராவுக்குக் கொண்டு போங்க” என்பதுதான் முதலில் காதில் விழும் பேச்சு. இரண்டு நாள் கழித்து அடுத்த கேள்வி வரும்: “செத்துப்போன மூளைச் செல் திரும்ப உயிர் பெறுமா?” இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் விடை தேடிய வரலாற்றையும், அதில் நம் ஊருக்குள்ள பங்கையும் இங்கே சுருக்கமாகக் கூற முற்படுகிறேன். நான் மருத்துவன் அல்லன். பழைய செய்திகளைத் தேடிப் படிக்கும் பழக்கமுள்ளவன், அவ்வளவே.

முதலில் சித்ராவின் கதை. 1973-இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் பல மாடிக் கட்டடம் ஒன்றைக் கேரள மக்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் சி. அச்சுத மேனன். மாவேலிக்கரையில் பிறந்த இதய அறுவை நிபுணர் எம். எஸ். வலியத்தான் பொறுப்பேற்று வந்தார். 1976-இல் நோயாளிகளைச் சேர்த்துச் சிகிச்சை தொடங்கியது. பூஜப்புரையில் சேதுலட்சுமிபாய் மகாராணி வாழ்ந்த சாட்டல்மண்ட் அரண்மனையில் மருத்துவக் கருவி ஆய்வுப் பிரிவு அமைந்தது. 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. இருபது ஆண்டுகள் அதை வழிநடத்திய வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

சித்ரா என்றதும் பலருக்கு நினைவு வருவது இதய வால்வு. பல மாதிரிகள் தோற்றுப்போய், கடைசியில் 1990 டிசம்பரில் முதல் வால்வு ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதைத் தயாரிக்க முன்வந்தது நம் சென்னையின் டி.டி.கே. குழுமம். இதற்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு. சிறு வயதில் வரும் வாதக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிடும். அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். முப்பது வயதுப் பெண்ணுக்கு ஏன் பக்கவாதம் வந்தது என்று வீட்டார் திகைக்கும்போது, காரணம் பல நேரம் நெஞ்சில்தான் இருக்கும். இதயத்தையும் நரம்பையும் ஒரே கூரையின் கீழ் வைத்த நிறுவனம் என்பது வெறும் நிர்வாக ஏற்பாடு அல்ல என்று நான் எண்ணுவது இதனால்தான்.

தென்னாட்டில் மூளை அறுவைத் துறை இதற்கும் முன்பே வேரூன்றியிருந்தது. கோட்டயத்தில் பிறந்த ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூரிலும், சீர்காழியில் பிறந்த பி. இராமமூர்த்தி 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையிலும் இத்துறையைத் தொடங்கினார்கள். மலையாளி தமிழ்நாட்டுக்குப் போய்க் கட்டியதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை! 1951-இல் இவ்விருவரும் வேறிருவரும் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தைச் சென்னையில் நிறுவினர்.

இனி செல்லின் கதைக்கு வருவோம். மூளை நம் உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று எதுவும் கிடையாது, அன்றாடங்காய்ச்சி மாதிரி. எனவே இரத்தம் நின்றால் அந்த இடம் உடனே செத்துவிடுகிறது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்றுதான் நீண்ட காலம் நம்பினார்கள். நம் பாட்டிமார் “விதி” என்றார்கள். பெரிய டாக்டர்களும் வேறு சொல்லால் அதையேதான் சொன்னார்கள்.

இந்த நம்பிக்கை உடைந்தது 1970-களில். நலமான மூளைக்கு 100 கிராமுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 மில்லி லிட்டர் இரத்தம் பாய்கிறது. அது 20 அளவுக்கு இறங்கினால் செல் பேச்சை நிறுத்திவிடுகிறது, ஆனால் சாகவில்லை. 10-ஐ ஒட்டி இறங்கினால்தான் அதன் சுவர் தளர்ந்து உயிர் போகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே கிடக்கும் பகுதிக்கு ஆஸ்ட்ரப், சீஸ்யோ, சைமன் ஆகிய மூவரும் 1981-இல் எழுதிய கட்டுரை விளக்கம் தந்தது. கிரகணத்தில் முழு இருட்டைச் சுற்றி மங்கலாகத் தெரியும் பகுதியைப் புறநிழல் என்கிறோமே, அந்தப் பெயரையே இதற்கும் வைத்தார்கள். கை தூக்க முடியவில்லை என்றால் கையை ஆளும் செல்கள் அத்தனையும் செத்துவிட்டன என்று பொருளல்ல. பல செல்கள் வாய்மூடிக் காத்துக் கிடக்கின்றன.

காத்துக் கிடப்பவை ஏன் சாகின்றன? 1969-இல் அமெரிக்காவின் ஜான் ஆல்னி எலிக் குட்டிகளுக்கு அதிக அளவில் குளூட்டமேட் உப்பை ஊசி மூலம் செலுத்தி, மூளைச் செல்கள் அழிவதைக் காட்டினார். அஜினமோட்டோவில் இருப்பதும் அதே பொருள்தான். (ஓட்டலில் சாப்பிடும் பிரைட் ரைஸுக்கும் பக்கவாதத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம், ஊசி வேறு, உணவு வேறு.) செல்கள் தமக்குள் பேசிக்கொள்ள இயற்கை வைத்த பொருள் அது. இரத்தம் நின்றதும் அளவு மீறிக் கொட்டுகிறது. அடுத்த செல்லுக்குள் கால்சியம் வெள்ளமாகப் புகுந்து, அதை உள்ளிருந்தே அரிக்கிறது. ஒரு வீட்டில் பற்றிய தீ ஓலைக் கூரை வழியே தெரு முழுதும் பரவுவது போல.

தலைக்காயத்திலும் இதே கதைதான். ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து பேசியிருப்பார்; இரவில் நினைவிழந்து இறந்துபோவார். இப்படிப் பேசிய பிறகு இறந்தவர்களை கிளாஸ்கோ மருத்துவர்கள் 1975-இல் ஆராய்ந்து எழுதினார்கள். அடிபட்ட கணத்தில் நேரும் சேதம் ஒன்று, பிறகு வீக்கத்தாலும் இரத்தக் கசிவாலும் நேரும் சேதம் வேறொன்று என்பது தெளிவாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு அதே ஊரில் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்த 3 முதல் 15 வரையான நினைவு மதிப்பெண்ணை இன்று உலகமெங்கும் நர்சுகள் மணிக்கொரு முறை குறித்து வைக்கிறார்கள். கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கை காலை அசைக்கிறாரா, இவ்வளவுதான் சோதனை. ஆனால் மதிப்பெண் இறங்குவது தெரிந்தால் அறுவைக்கு நேரம் கிடைக்கும்.

அப்படியானால் செல்லைக் காக்கும் மருந்து எங்கே? இங்கேதான் வரலாறு நம்மை ஏமாற்றுகிறது. 2006-இல் வெளிவந்த ஒரு தொகுப்பின்படி, அதுவரை சோதிக்கப்பட்ட பக்கவாத மருந்துகளும் முறைகளும் 1,026. எலியில் வென்றவை ஏராளம். மனிதரிடம் வந்ததும் ஒவ்வொன்றாக விழுந்தன. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது பல ஆண்டு வழக்கமாக இருந்தது. 10,008 பேரைச் சேர்த்த கிராஷ் ஆய்வின் முடிவு 2004-இல் வந்தது: இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9 சதவீதம். நல்லது என்று போட்ட ஊசி ஆளைக் கொன்றிருக்கிறது. ‘மூளைக்குச் சத்து’ என்று நம் நாட்டில் தாராளமாக எழுதிக் கொடுக்கும் சிட்டிகோலின், பக்கவாதத்திலும் தலைக்காயத்திலும் 2012-இல் வெளியான இரண்டு பெரிய சோதனைகளில் பயன் காட்டவில்லை. வளையலை அடகு வைத்து அந்த ஊசி வாங்கும் குடும்பங்களை நாம் பார்க்கிறோம்; இதை யாராவது அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டாமா?

பலித்தது வேறு வழி. செல்லுக்கு மருந்து தேடாமல் அடைப்பைத் திறப்பது. கட்டியைக் கரைக்கும் ஊசி 3 மணி நேரத்துக்குள் பயன் தரும் என்று 1995-இல் நிறுவப்பட்டது. 2008-இல் அது நாலரை மணி நேரமாக நீண்டது. பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்புச் செல்கள் சாகின்றன என்று 2006-இல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். 2015-இல் குழாய்க்குள் கம்பி செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் முறை வென்றது. புறநிழல் மிஞ்சியிருப்பது ஸ்கேனில் தெரிந்தால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை அதைச் செய்யலாம் என்பது 2018-இல் உறுதியானது.

இந்த இடத்தில்தான் நம் ஊரின் பங்கு வருகிறது. அது மருந்து அல்ல, எண்ணிக்கை. நம் நாட்டுப் பக்கவாதக் கணக்குகள் பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு. வராமல் வீட்டிலேயே படுத்தவர் எத்தனை பேர், யாருக்குத் தெரியும்? சித்ராவின் மருத்துவர்களும் நகரத்தின் பிற நரம்பியல் மருத்துவர்களும் சேர்ந்து திருவனந்தபுரம் பக்கவாதப் பதிவேட்டை ஏற்படுத்தினார்கள். நகரத்தில் 7,41,000 பேர், கிராமத்தில் 1,85,000 பேர் வாழும் பகுதியில், ஆறு மாதத்தில் முதன்முறையாகப் பக்கவாதம் கண்டவர்களைத் தேடிப் பதிந்தார்கள். 541 பேர், நகரத்தில் 431, கிராமத்தில் 110. நடுவயது 67, நாற்பதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ளவர் 20 பேர். ஸ்ரீதரன் முதலானோர் 2009-இல் இதை வெளியிட்டனர்.

வயதுக் கணக்கைச் சரிசெய்து பார்த்தால் நோய் வரும் விகிதம் ஆண்டுக்கு லட்சத்துக்கு நகரத்தில் 135, கிராமத்தில் 138. ஏறத்தாழ ஒன்றேதான். ஆனால் 28 நாளுக்குள் இறந்தவர்கள்? நகரத்தில் 24.5 சதவீதம், கிராமத்தில் 37.1 சதவீதம். கிராமத்து எண்ணிக்கை சிறிது என்பதால் இந்த விகிதத்தைக் கொஞ்சம் நிதானத்துடன்தான் கொள்ள வேண்டும். இருந்தாலும் என்னை உறுத்துவது இந்த ஒரு வரிதான். எழுத்தறிவிலும் சுகாதாரத்திலும் முதலிடம் என்று நாம் பெருமை பேசும் கேரளத்தில், சித்ரா இருக்கும் அதே மாவட்டத்தில் இந்த வேறுபாடு.

நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1956 நவம்பர் முதல் தேதி வரை கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. எல்லை மாறினாலும் நாகர்கோவில் உறவுகள் மாறவில்லை. இன்றும் அங்கே மாமாவுக்கு வாய் கோணிவிட்டது என்றால் போன் இங்கேதான் வருகிறது. “ஆம்புலன்ஸ்ல ஏத்தி சித்ராவுக்கே கொண்டு வந்துருங்க” என்று நாமும் சொல்லிவிடுகிறோம். களியக்காவிளை வழியாக எழுபது கிலோமீட்டர் அளவு தூரம். அந்தச் சாலையின் நெரிசல் உங்களுக்கே தெரியும். அடைப்பா, இரத்தக் கசிவா என்று சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் கரைக்கும் ஊசியைப் போடவே முடியாது. நாகர்கோவிலை ஒட்டிய ஆசாரிப்பள்ளத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதைத் தாண்டி வண்டி ஓடும் நேரமெல்லாம் அந்த நாலரை மணியிலிருந்துதான் கழிகிறது. அடுத்த முறை போன் வந்தால் நாம் முதலில் கேட்க வேண்டியது, “கடைசியா எத்தனை மணிக்கு நல்லா பேசிட்டிருந்தாரு?” என்பதை. எந்த மருத்துவமனைக்குப் போனாலும் டாக்டர் கேட்கப் போகும் முதல் கேள்வி அது.