ஆலைச் சட்டத்தில் முதலில் பிறந்த வாசகர்

சிறுவருக்கும் பெரியவருக்கும் இடைப்பட்டவர்களை வளரிளம் பருவத்தினர் என்று தனியே பிரித்து எண்ணும் வழக்கம், வடசென்னையின் துறைமுக, ஆலைப் பகுதிக்குப் புத்தகக் கடையின் வழியாக வரவில்லை. தொழிற்சாலைச் சட்டத்தின் வழியாக வந்தது. 1922-ஆம் ஆண்டுச் சட்டம் 12 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகள் நாளொன்றுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது என்றது. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் 15 முதல் 17 வயது வரை உள்ளோரைச் சிறுவரும் அல்லாத, பெரியவரும் அல்லாத மூன்றாவது வகையாக வரையறுத்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயது நிரம்பாதவரை ஆலைக்குள் சேர்க்கவே தடை விதித்தது. பெரம்பூரை அடுத்திருந்த பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலை, அரைநேரத் தொழிலாளராக, அதாவது நாளின் ஒரு பகுதியைத் தறிக்கும் மறுபகுதியைப் பாடத்துக்கும் கொடுத்த பிள்ளைகளுக்காகத் தானே பள்ளி நடத்தியது. அமெரிக்காவில் இவ்வயதினருக்கான நூலகச் சேவைக்கெனத் தனிப் பிரிவு 1957-இல் உருவாகி, பள்ளி மாணவியாக இருந்தபோதே எஸ். இ. ஹின்டன் எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்' 1967-இல் வெளிவந்த பிறகு, இளையோர் நாவல் என்பது பதிப்பகங்கள் விற்கும் ஒரு வகையாயிற்று. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வரிசையிலோ பதினாறு வயதினர் முதலில் உழைப்பவராக அடையாளம் காணப்பட்டு, வாசகராக மிகப் பிந்தியே கண்டுகொள்ளப்பட்டனர். அவர்களுடைய புத்தகத்தைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லும் பெற்றோர் அதற்கும் பிந்தியே தோன்றினர்.

கல்வி இப்பகுதிக்குப் புதிதன்று. திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள், வடமொழி இலக்கணம் கற்பிக்க அங்கே ஒரு மண்டபம் இருந்ததையும் அதற்கு நிலம் விடப்பட்டதையும் கூறுகின்றன. ஆனால் அம்மண்டபத்துக்கும் கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைக்கும் எந்தத் தொடர்பும் இருந்திருக்க முடியாது. குப்பத்துக்கும் ஆலைக் குடியிருப்புக்கும் அச்சுப் புத்தகத்தைக் கொண்டுவந்தவை குஜிலி நூல்கள். மலிவுத் தாளில் அச்சிட்டுக் கடைத்தெருவில் விற்ற கதைப் பாட்டுகளுக்கும் சிந்துகளுக்கும் குஜிலிக் கடைத்தெருவின் பெயராலேயே இப்பெயர் நிலைத்தது. ராயபுரத்துக்கு அருகே கொண்டித்தோப்பிலிருந்து பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் வெளியிட்ட 'பெரிய எழுத்து' நூல்கள் இவ்வகையின் நன்கறியப்பட்ட வடிவம். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும், மங்கிய விளக்கில் பிறருக்காக உரக்கப் படிப்பவருக்கும் ஏற்றவாறு எழுத்துகள் பெரிதாக அச்சிடப்பட்டன. ஒருவர் படிக்க வீடு முழுவதும் கேட்டதால், கேட்பவரின் வயதைப் பார்த்துக் கதையைத் தேர்வதற்கு இடமே இல்லை. நல்லதங்காள் தன் ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளிய கதையையும், அர்ச்சுனன் வஞ்சகத்தால் அல்லியை அடைந்த கதையையும் பிள்ளைகள் பாட்டியின் மடியிலிருந்தே கேட்டனர். இன்றைய பெற்றோர் ஒருவர் இவற்றில் எதையேனும் பதின்மூன்று வயது மகளின் கையில் கொடுக்குமுன் இருமுறை யோசிப்பார். அன்று யோசிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

கூடிக் கேட்கும் இவ்வழக்கத்தின் வலிமையை இப்பகுதியின் தொழிற்சங்க வரலாற்றிலும் காணலாம். செல்வபதி செட்டியாரும் இராமானுசலு நாயுடுவும் பெரம்பூரில் நடத்திவந்த வேங்கடேச குணாமிர்த வர்ஷினி சபையில் ஆலைத் தொழிலாளர் சமயச் சொற்பொழிவு கேட்கக் கூடினர். கூடிய இடத்தில் உணவு இடைவேளையின் குறுக்கத்தையும் மேற்பார்வையாளரின் கொடுமையையும் பேசினர். அப்பேச்சே வளர்ந்து, 1918 ஏப்ரல் 27 அன்று பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்ட சென்னைத் தொழிலாளர் சங்கமாயிற்று. அதில் முன்னின்ற திரு. வி. க. பத்திரிகையாசிரியராகவும் இருந்தவர். புராணம் கேட்ட காதுகளே செய்தித்தாளையும் கேட்கத் தொடங்கின. அக்கூட்டத்தில் தந்தையும், அதே ஆலையில் வேலைக்குச் சேர்ந்த மகனும் அருகருகே நின்றனர் என்பதால், மகனுக்கு எது தகும் என்று தந்தை பிரித்துப் பார்க்கும் நிலை அங்கும் ஏற்படவில்லை.

படிப்பகம் இவ்வழக்கத்தை ஓர் இடத்தில் நிலைநிறுத்தியது. கட்சியோ சங்கமோ வாடகைக்குப் பிடித்த ஒற்றை அறை, இரண்டு விசுப்பலகை, தாள்தாளாகப் பிரித்துப் பலர் கையில் ஒரே நேரத்தில் சுற்றும் நாளிதழ் ஆகியவையே படிப்பகம். 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் நடந்தது; அதன் பின்னர் அக்கட்சியின் மன்றங்களும் படிப்பகங்களும் தெருக்களில் பெருகின. 1952 தேர்தலில் வண்ணாரப்பேட்டைத் தொகுதியில் வென்றவர் பொதுவுடைமையரான ப. ஜீவானந்தம். பொதுவுடைமை இயக்கத்தைச் சார்ந்த நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம், மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்களை நம்பமுடியாத குறைந்த விலையில் கொண்டுவந்து விற்றது. தொ. மு. சி. ரகுநாதன் மொழிபெயர்த்த மாக்சிம் கார்க்கியின் 'தாய்', சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்', நிக்கொலாய் ஒஸ்திரோவ்ஸ்கியின் 'வீரம் விளைந்தது' ஆகியவை ஆலைப் பகுதியின் இளைஞருக்கு இன்று இளையோர் நூல்கள் செய்யும் வேலையைச் செய்தன என்று சொன்னால் அது மிகையாகாது. வேலையும் வறுமையும் கற்கும் வேட்கையும் மோதும் வயதைப் பற்றியவை அவை. ஆனால் ஒன்றேனும் வயதுக் குறியோடு வரவில்லை. அவற்றைத் தேர்ந்து கொடுத்தவர் பெற்றோரும் அல்லர், கட்சித் தோழரே. தேர்வு நல்லதாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆயினும் கட்சிக்குப் பிடிக்காத புத்தகம் படிப்பகத்தின் அலமாரிக்கு வந்திருக்காது.

படிப்பகம் ஆண்களின் இடம் என்பதையும் மறக்கலாகாது. பெண்பிள்ளைகளின் வாசிப்பு வீட்டுக்குள் நடந்தது. 'கல்கி', 'ஆனந்த விகடன்' போன்ற வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துப் 'பைண்டு' செய்த தடித்த தொகுதிகள் அக்கம்பக்கத்து வீடுகளில் கைமாறின. வாடகை நூலகங்கள், அதாவது முன்பணம் பெற்றுக்கொண்டு நாளுக்கு இவ்வளவு என்று கட்டணத்துக்குப் புத்தகம் கொடுத்த சிறு கடைகள், பின்னர் அவ்விடத்தைப் பிடித்தன. இங்குதான் பெற்றோரின் கருத்து முதன்முதலில் தெளிவாகத் தலைகாட்டுகிறது, அதுவும் தடையாக. நாவல் படிப்பது பெண்ணைக் கெடுக்கும் என்னும் அச்சம் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் துப்பறியும் கதைகள் பரவிய காலத்திலேயே தொடங்கிவிட்டது. உரக்கப் படித்த வழக்கம் மௌன வாசிப்பாக மாறியதை நாவலின் வருகையோடு இணைத்து ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். அதைத் தொடர்ந்து நோக்கினால், பெற்றோரை அச்சுறுத்தியது கதையின் பொருளைவிட அது மௌனமாகப் படிக்கப்பட்டதே என்று கொள்ளலாம். வீடே சேர்ந்து கேட்ட அல்லியின் கதையைத் தடுக்காதவர்கள், மகள் மூலையில் அமர்ந்து வாய்விடாமல் படித்த கதையைத் தடுத்தனர்.

பெற்றோரின் இவ்வச்சத்தை நன்கு புரிந்துகொண்டவர் தமிழ்வாணன். 'கல்கண்டு' இதழின் ஆசிரியரான அவர் படைத்த துப்பறிவாளர் சங்கர்லால், மேலைநாட்டுத் துப்பறிவாளரைப் போல மது அருந்தாமல் தேநீரையே விரும்பி அருந்துபவர். மாணவர் விரும்பும் வேகமும் பெற்றோர் கேட்கும் ஒழுக்கமும் ஒரே பாத்திரத்தில் அடங்கின. 1972-இல் தொடங்கிய முத்து காமிக்சும் அதற்குப் பின் வந்த ராணி காமிக்சும் இவ்வுடன்பாட்டைப் பெரும்பாலும் காத்தன. 1980-களில் பெட்டிக்கடையிலும் ரயில்நிலையத்திலும் தொங்கிய மாத நாவல்கள், குறிப்பாக ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் எழுதியவை, பெரியவருக்கெனவே அச்சிடப்பட்டவை. அவற்றைப் பள்ளிப்பிள்ளைகளும் பாடநூலுக்குள் ஒளித்துப் படித்தனர். அப்படி ஒளித்துப் படித்தவர்களே இன்று பதின்பருவப் பிள்ளைகளின் பெற்றோர்.

பொதுநூலகத்தின் பங்கை இங்குச் சுருக்கமாகக் குறிப்பிட்டால் போதும். எஸ். ஆர். அரங்கநாதனின் முயற்சியால் உருவான 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்துவரியோடு நூலக வரியையும் சேர்த்து வாங்கிக் கிளை நூலகங்களை நடத்த வழிசெய்தது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று. ஆனால் கிளை நூலகம் குழந்தைகள் பகுதி, பொதுப் பகுதி என்ற இரண்டு பிரிவையே அறிந்திருந்ததால், பதினைந்து வயது வாசகருக்கு அம்புலிமாமாவிலிருந்து நேரே சாண்டில்யனுக்குத் தாவுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

பெற்றோர் தாமே வாசகராகி, பிள்ளைக்குக் கொடுக்குமுன் படித்துப் பார்த்து எடைபோடும் நிலை இரு தலைமுறை மாற்றத்தின் பின்னரே வந்தது. எண்ணூரின் அசோக் லேலண்டு, திருவொற்றியூரின் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., விம்கோ போன்ற ஆலைகளில் நிரந்தர வேலை பெற்றவர்களின் மாதச் சம்பளம், பிள்ளைகளை வேலைக்கு அனுப்பாமல் பள்ளியிறுதி வரை படிக்கவைக்கும் துணிவைக் கொடுத்தது. அப்பெற்றோரின் பேரப்பிள்ளைகளுக்காக எழுதப்படுபவையே இன்றைய இளையோர் நூல்கள். இரா. நடராசனின் 'ஆயிஷா' இவற்றுக்கு முன்னோடி: அறிவியல் கேள்விகளால் ஆசிரியர்களின் பிரம்படிக்கு ஆளாகும் மாணவி, வலி தெரியாமலிருக்க மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தன்மீதே சோதித்து இறந்துபோகும் கதை அது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', பிள்ளைகள் மீதான பாலியல் தொல்லையை ஒரு மரப்பாச்சிப் பொம்மையின் துணையோடு பேசி, 2020-ஆம் ஆண்டின் பால சாகித்திய விருதைப் பெற்றது. இவ்விரண்டையும் பெற்றோர் முதலில் படித்துவிட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பது இயல்பு. பின்னது பெற்றோரையும் நோக்கியே எழுதப்பட்டது என்று கருதலாம். இலக்கிய நயத்தில் முதல் நூல் மேம்பட்டது. பயனில் இரண்டாவதற்கு இணையானது அரிது.

சிக்கல் எழுவது பெரியவர் நூல்களிடத்தில்தான். பாக்கியம் சங்கரின் 'நான்காம் சுவர்', ஷாலின் மரிய லாரன்சின் 'வடசென்னைக்காரி', கரன் கார்க்கியின் நாவல்கள், நிவேதிதா லூயிஸின் வடசென்னை வரலாற்று நூல் என்று இப்பகுதியையும் நகரின் எளிய மக்களையும் பற்றிய எழுத்து அண்மைக் காலத்தில் செறிவாக வந்துள்ளது. ரவுடியும் கத்தியுமாகவே திரைப்படத்தில் தன் தெருவைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, இவற்றில் சில முதன்முறையாகத் தன் வீட்டாரை ஒத்த மனிதரைக் காட்டக்கூடியவை. ஆயினும் இவ்வகை எழுத்தில் பேச்சு வசையோடும் பாலியல் சொல்லோடும் வருவதால், விரும்பிப் படித்த பெற்றோரே மகனுக்குக் கொடுக்கத் தயங்குவதுண்டு. அதே வசையை மகன் நாள்தோறும் பேருந்து நிறுத்தத்தில் கேட்கிறான் என்பது அத்தயக்கத்தைக் குறைப்பதில்லை. அச்சில் வந்தால் வீடு அதற்கு ஒப்புதல் அளித்ததாகிவிடும் என்று அவர்கள் எண்ணுவதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. சாவையும் வறுமையையும் தாங்கிக்கொள்ளும் பெற்றோரின் வாசிப்பு, காதலிலும் வசையிலும் வந்து நின்றுவிடுகிறது.

அரசின் முயற்சிகள் இவ்வயதின் விளிம்பு வரை வந்துள்ளன. 'தேன்சிட்டு' இதழ் 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை படிப்போருக்கானது. பள்ளிகளில் நடைபெறும் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை வயதால் பிரிக்காமல், வாசிக்கும் திறனைக் கொண்டு 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்று நான்காகப் பிரித்தது. அதற்கு மேலே, பத்தாம் வகுப்பில், பொதுத்தேர்வு நிற்கிறது. 2024 நவம்பரில் கொளத்தூரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் பழைய படிப்பகத்தைவிடப் பன்மடங்கு வசதியானது; அங்கு வரும் இளையோரில் பெரும்பாலோர் கையில் இருப்பவை போட்டித் தேர்வு நூல்கள், அவற்றைக் குறித்து எந்தப் பெற்றோரும் மாற்றுக் கருத்துச் சொல்வதில்லை.