வானாய்வுக் குன்றும் ஞாயிற்றின் நெருப்பும்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழன்பர்களுள் பாளையத்தை அடுத்த ‘அப்சர்வேட்டரி ஹில்’ என்னும் குன்றின் பெயரைக் கேளாதார் இலர். அலுவலகத்திற்கும் கடைத்தெருவிற்கும் செல்லும் வழியில் அக்குன்றின் அடிவாரத்தை நாள்தோறும் கடப்போரும் நம்மிடையே உண்டு. ஆயினும், ‘ஞாயிறு எதனால் ஆனது? எதனால் ஒளிர்கிறது?’ என்னும் பெருவினாவின் வரலாற்றில் இக்குன்றுக்கும் ஓர் இடம் உண்டு என்பதை அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இசைவேந்தராகப் புகழ்பெற்ற சுவாதித் திருநாள் மகாராஜா, வானநூலிலும் ஆர்வம் உடையவர். ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வாணிக முகவராக இருந்த ஜான் கால்டிகாட் என்பார் வானத்தை ஆராயும் விருப்பமுடையவர் என்பதை அறிந்து, அவரையே தலைவராக்கி 1837-ஆம் ஆண்டில் இங்கு வானாய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். 1849-இல் கால்டிகாட் மறைந்தார். 1852-இல் அவ்விடத்திற்கு வந்தவர் ஸ்காட்லாந்து நாட்டறிஞர் ஜான் ஆலன் பிரௌன். நம் நகரத்து அருங்காட்சியகத்தின் தொடக்கத்திலும் இவருக்குப் பங்குண்டு.

பிரௌனின் கவனம் விண்மீன்களைவிடக் காந்த ஊசியின்மேலேயே மிகுதியாகச் சென்றது. காந்த ஊசி வடக்கு நோக்கி அசையாது நிற்கும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது நாள்தோறும் மிக நுண்ணிய அளவில் கிழக்கும் மேற்கும் அசைகின்றது. சில நாள்களில் காரணம் தோன்றாமலே பெரிதும் கலங்குகின்றது. ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோட்டினைக் காந்த நடுக்கோடு என்பர். திருவனந்தபுரம் அக்கோட்டிற்கு அண்மையில் அமைந்தது. ஆதலின், இந்நகர் அவருடைய ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றதாயிற்று.

உயரம் மாறினால் ஊசியின் அசைவும் மாறுமோ என்று அறிய விரும்பிய அவர், 1855-இல் மற்றோர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அதற்கு அவர் தேர்ந்த இடம் எது? ஏறத்தாழ 6,100 அடி உயரமுள்ள அகத்தியர் மலை முடி! தமிழுக்கு முதல் இலக்கணம் வகுத்தார் என்று நாம் போற்றும் முனிவரின் பெயர் தாங்கியதும், பொருநையாறு பிறப்பதுமான பொதிகையே அது. யானை திரியும் அடர்ந்த காட்டைக் கடந்து கருவிகளைச் சுமந்து சென்று, மழையிலும் பனியிலும் இருந்து, அவருடைய உதவியாளர்களான இந்நாட்டு மக்கள் அளவுகளைக் குறித்தனர். கீழே நகரத்துக் குன்றிலும் இரவு பகல் பாராமல் அப்பணி நடந்தது.

இவ்வாறு சேர்ந்த எண்களிலிருந்து பிரௌன் கண்டவை வியப்புக்குரியன. இங்கே ஊசி கலங்கும் நாளில் தொலைவிலுள்ள பிற நாடுகளிலும் அது கலங்குகின்றது. அக்கலக்கமும் ஏறத்தாழ 26, 27 நாள்களுக்கு ஒருமுறை மீண்டும் வருகின்றது. ஞாயிறு தன்னைத் தானே சுற்றுவதாக நம் பூமியிலிருந்து காணும் காலமும் அதுவே. எனவே, ஞாயிற்றின் ஏதோ ஒரு பகுதி பூமியை நோக்கித் திரும்பும்போதெல்லாம் அங்கிருந்து ஏதோ ஒன்று வந்து ஊசியைத் தீண்டுகிறது என்று அவர் கருதினார். அந்த ‘ஏதோ ஒன்று’ யாது? அவருக்குத் தெரியாது, அன்று உலகில் எவருக்கும் தெரியாது.

அக்காலத்தில் ஞாயிறு எரிவதன் காரணமே புலப்படவில்லை. நிலக்கரி போல் எரிவதாயின் சில ஆயிரம் ஆண்டுகளில் அணைந்திருக்கும். தன் எடையாலேயே சுருங்கி, அச்சுருக்கத்தால் வெப்பம் பெறுகிறது என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1854-இல் கூறினார். அக்கணக்கின்படி ஞாயிற்றின் வயது சில கோடி ஆண்டுகளே ஆகும். பாறைகளை ஆராய்ந்தோர் அது போதாது என்றனர். வழக்கு நெடுங்காலம் தீராமல் நின்றது.

இதனைத் தீர்க்கப் பொருள்களின் நிலைகளைப் பற்றிய அறிவு வேண்டியிருந்தது. பனிக்கட்டி திண்பொருள், சூடேற்றினால் நீர்மம், மேலும் சூடேற்றினால் ஆவி. இம்மூன்றையும் அடுக்களையிலேயே காண்கிறோம். ஆவியை இன்னும் பல்லாயிரம் பாகை சூடேற்றினால் என்ன ஆகும்? அணுவைச் சுற்றியுள்ள எலெக்ட்ரான்கள் பிய்ந்து தனியே ஓடத் தொடங்கும். மின்னேற்றம் கொண்ட துகள்களின் கூட்டமாகிய இந்நான்காம் நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். மின்னலின் பாதையிலும் அதுவே உள்ளது. எத்துணை வெப்பத்தில் எத்துணை அணுக்கள் இவ்வாறு சிதையும் என்பதற்கு 1920-இல் கணக்கு வகுத்தவர் நம் நாட்டு மேகநாத சாகா ஆவார். அக்கணக்கைக் கொண்டு, விண்மீன்களில் மிகுதியாக உள்ளது ஹைடிரஜனே என்று 1925-இல் செசிலியா பெய்ன் என்னும் அம்மையார் காட்டினார்.

ஐம்பூதங்களுள் தீயை எண்ணிய நம் முன்னோர் பிளாஸ்மாவையும் அறிந்திருந்தனர் என்று சிலர் மேடையில் முழங்குவதுண்டு. அஃது உண்மையான பெருமையாகாது. அவர்கள் உலகைக் கூர்ந்து நோக்கிப் பகுத்தனர். பின்வந்தோர் அளந்து கண்டனர். இரண்டும் வெவ்வேறு பணிகள். இரண்டுக்கும் தனித்தனியே சிறப்புண்டு.

இனி, ஆற்றலின் மறைபொருளைக் காண்போம். நான்கு ஹைடிரஜன் அணுக்கருக்கள் கூடி ஒரு ஹீலியம் அணுக்கரு ஆனால், ஆயிரம் பங்கு எடையில் ஏழு பங்கு குறைகின்றது. குறைந்த எடையே ஆற்றலாகி வெளிப்படும். விண்மீன்கள் இவ்வழியே ஒளிரக்கூடும் என்று 1920-இல் எடிங்டன் எடுத்துரைத்தார். அது நிகழும் முறையை 1938, 1939 ஆண்டுகளில் ஹான்ஸ் பேதே விளக்கினார். ஞாயிற்றின் நடுவில் வெப்பம் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி பாகை. அங்குள்ள பொருள் நீரைப்போல் 150 மடங்கு அடர்த்தி உடையது. ஆயினும் திண்பொருள் அன்று, பிளாஸ்மாவே. ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 60 கோடி டன் ஹைடிரஜன் அங்கே ஹீலியமாகின்றது. அதில் 40 லட்சம் டன்னுக்கு மேல் ஆற்றலாகின்றது. இவ்வளவு செலவிட்டும் ஞாயிறு 460 கோடி ஆண்டுகளாக ஒளிர்கின்றது. இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்கு அதனிடம் முதல் உண்டு. பழைய வழக்கும் இதனால் தீர்ந்தது.

முதல் தீர்ந்தபின் விண்மீன் என்னாகும்? இவ்வினாவிற்கு விடை தேடியவர் ஒரு தமிழ் இளைஞர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் தம் 19-ஆம் வயதில் இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே அக்கணக்கைப் போட்டார். எரிந்து ஓய்ந்த விண்மீனில் எலெக்ட்ரான்கள் நெருங்கி நின்று, இனிச் சுருங்கோம் என்று எதிர்க்கும் வேறொரு நிலையைப் பொருள் அடைகின்றது. ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு எடைக்கு மேற்பட்டால் அவ்வெதிர்ப்பும் தோற்கும் என்று அவர் கண்டார். எடிங்டனே அதனை மறுத்தார். எனினும் உண்மை வென்றது. 1983-இல் நோபெல் பரிசு சந்திரசேகரை நாடி வந்தது.

பிரௌனின் ஊசியை மறந்துவிட்டோமா? இல்லை. ஞாயிற்றின் புறமண்டலம் தன் வெப்பத்தால் இடைவிடாது வெளியே பாய்கின்றது என்று 1958-இல் யூஜீன் பார்க்கர் நிறுவினார். இதனையே ஞாயிற்றுக் காற்று என்கிறோம். இதன் விரைவு மிக்க ஓடைகள் ஞாயிற்றோடு சேர்ந்து சுழல்கின்றன. ஏறத்தாழ 27 நாள்களுக்கு ஒருமுறை அவை பூமியின்மேல் வீச, உலகெங்கும் காந்த ஊசி கலங்குகின்றது. பிரௌன் பெயரறியாது விட்ட ‘ஏதோ ஒன்று’ இப்பிளாஸ்மாவே.

1963 நவம்பர் 21 அன்று நம் நகரை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. அக்கடற்கரை தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம், பிரௌனை ஈர்த்த அதே காந்த நடுக்கோடுதான். 2023 செப்டம்பர் 2-இல் புறப்பட்ட ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இடத்தை 2024 ஜனவரி 6-இல் அடைந்தது. அதிலுள்ள ஏழு கருவிகளுள் ஒன்று, ஞாயிற்றுக் காற்றின் எலெக்ட்ரான்களையும் அணுத்துகள்களையும் அளப்பது. அதனைச் செய்தளித்தது திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகமாகும். அகத்தியர் மலைமேல் ஊசி வழியாகக் கேட்ட அடியோசையை, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் இவ்வூரார் எதிரே சென்று வரவேற்றனர் எனலாம்.

பிரௌன் 1865-இல் நாடு திரும்பினார். அவருக்குப்பின் குன்றின் பணி சுருங்கியது. மலைமுடிக் கூடம் இன்றில்லை. நகரத்துக் கூடம் கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. ஆனால், 1874-இல் நூலாக வெளிவந்த அவ்வெண்கள் அழியவில்லை. எதற்குப் பயன்படும் என்று அறியாமலே, பிழையின்றி எழுதிவைத்த அந்த எளிய உதவியாளர்களை எண்ணுங்கால் நெஞ்சம் நெகிழ்கின்றது. பயன் தெரிந்த பணியைச் செய்வது எளிது. பயனைப் பின்வருவோர்க்கு விட்டு, தன் கடமையைச் செவ்வனே செய்வதே அரிது.

அடுத்த முறை அக்குன்றின் வழியே செல்லும்போது, அன்பர்கள் தம் மக்களை அழைத்துச் சென்று இவ்வரலாற்றைத் தமிழிலேயே கூறுவார்களாக. ஞாயிற்றின் நெருப்பை அறிந்துகொள்ள அவர்கள் முதலில் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பாளையத்திலிருந்து சில அடிகள் மேலே ஏறினால் போதும்.